மனம் இரங்காத பெண்பிள்ளை: பெங்களூரில் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகளுக்கு 15 வயது. பணம் திருடுகிறாள், முகத்துக்கு நேரே பொய் சொல்கிறாள், தம்பி அடிபட்டு அழுதால் நின்று வேடிக்கை பார்க்கிறாள். இவள் சைக்கோவா?

பதினெட்டு வயது ஆகாத யாருக்கும் ‘சைக்கோபாத்’ (இரக்கமும் உறுத்தலும் இல்லாத ஆள்) என்று மருத்துவச் சீட்டில் எழுதுவதில்லை. பெரியவர்களுக்கு எழுதும் ‘சமூகவிரோத ஆளுமைக் கோளாறு’ என்ற பெயருக்குக்கூட 18 வயது நிறைந்திருக்க வேண்டும், 15 வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறு தலைகாட்டியிருக்க வேண்டும். உங்கள் மகள் வயதில் எழுதக்கூடியது ‘நடத்தைக் கோளாறு’ என்பதுதான். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆளையோ விலங்கையோ தாக்குவது, பொருளை நாசமாக்குவது, ஏமாற்றுவதும் திருடுவதும், வீட்டு விதியையும் பள்ளி விதியையும் மோசமாக மீறுவது என நான்கு வகைகளில் மொத்தம் 15 செயல்கள் பட்டியலில் உள்ளன. கடந்த 12 மாதத்தில் குறைந்தது 3 நடந்திருக்க வேண்டும். அதில் ஒன்றாவது கடந்த 6 மாதத்துக்குள் இருக்க வேண்டும். பீரோவிலிருந்து ஒருமுறை 500 ரூபாய் எடுத்த பெண் இந்தக் கணக்குக்குள் வரமாட்டாள்.

நடத்தைக் கோளாறோடு ‘இரக்க உணர்வு குறைவு’ என்றும் டாக்டர் சேர்த்து எழுதியிருக்கிறார். அது என்ன?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேடும், 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 வகைப்பாடும் இப்படி ஒரு கூடுதல் குறிப்பை அனுமதிக்கின்றன. டி.எஸ்.எம் நான்கு அடையாளங்களைச் சொல்கிறது. அவற்றில் குறைந்தது இரண்டு அடையாளங்கள் 12 மாதமாவது, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்திலும் ஒருவருக்கு மேற்பட்டவரிடமும் தெரிய வேண்டும்.

முதலாவது, செய்த தப்புக்கு உறுத்தல் இல்லாமை. மாட்டிக்கொண்டோமே என்று அழுவது உறுத்தலில் சேராது. யாரும் பார்க்காதபோது உடைத்த பொருளை அவளாக வந்து சொல்கிறாளா என்பதைப் பாருங்கள். இரண்டாவது, பிறர் வலி உறைக்காமை. மூன்றாவது, மார்க் குறைந்தாலும் வேலை கெட்டாலும் கவலைப்படாமல் பழியை டீச்சர் மேலேயே போடுவது. நான்காவது, மேலோட்டமான உணர்ச்சி: தேவைப்பட்டால் கண்ணீர், கேட்டது கிடைத்த அடுத்த நிமிடம் சிரிப்பு.

வீட்டில் மட்டும் கல்லாக இருந்து, தோழியின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஓடிப்போய் உதவியவள் என்றால் இந்தக் குறிப்பு அவளுக்குப் பொருந்தாது. அவளுடைய கோபம் உங்கள் மேல்தான்.

வேறு சில நிலைகளும் இப்படித் தோன்றலாம். ஆட்டிசம் உள்ள பெண்ணுக்கு எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிப்பது கடினம், விளங்கிவிட்டால் வருந்துவாள். இரக்கம் குறைந்தவள் சரியாகவே ஊகிப்பாள், வருந்தமாட்டாள். மனச்சோர்வில் மரத்துப்போன முகத்தைத் திமிர் என்று நினைப்பதும் அன்றாடம் நடப்பதுதான்.

பெண்பிள்ளைகளிடம் இது ஏன் தாமதமாகத் தெரிகிறது?

எண்ணிக்கையே குறைவு என்பது ஒரு காரணம். உலக அளவிலான மதிப்பீட்டில் நடத்தைக் கோளாறு பையன்களில் சுமார் 3.6 விழுக்காடு, பெண்களில் 1.5 விழுக்காடு. அளவுகோல்கள் பெரும்பாலும் பையன்களைப் பார்த்துச் செய்யப்பட்டவை என்பது இன்னொன்று. பையன் கல்லை எறிவான், ஜன்னல் உடையும், ஹெட்மாஸ்டர் அறை வரை விஷயம் போகும். பெண்பிள்ளைகளின் தாக்குதல் பல நேரம் உறவின் வழியாக நடக்கும். ஒருத்தியை வகுப்பே பேசாமல் ஒதுக்கி வைப்பது, அவள் படத்தை வாட்ஸ்ஆப் குழுவில் போட்டு மிரட்டுவது, இரண்டு தோழிகளை மூட்டிவிட்டு இருவரிடமும் ஆறுதல் சொல்வது எல்லாம் இதில் அடங்கும். மேலே சொன்ன 15 செயல்களில் இவற்றில் பெரும்பாலானவை இல்லை. அதனால் மார்க் நன்றாக வாங்குகிற, பெரியவர்களிடம் பணிவாகப் பேசுகிற பெண் பல வருடம் தப்பிவிடுவாள்.

தொடங்கும் வயதும் வேறு. பையன்களில் 10 வயதுக்கு முன்பே தொடங்கும் வகை, டீன் ஏஜில் தொடங்கும் வகை என்று இரண்டு சொல்வார்கள். பெண்களில் குணம் சிறுவயதிலேயே இருந்தாலும் செயல் பூப்பெய்திய பிறகுதான் வெடிக்கிறது என்று 1999இல் சில்வர்தார்ன், ஃப்ரிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்த கருத்து இன்றும் விவாதத்தில் உள்ளது. “ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் தங்கமாட்டம் இருந்தா” என்று தாய்மார்கள் சொல்வதைப் பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். பழைய டீச்சர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு பையனோடு சுற்றுகிறாள், ரகசியமாக இன்னொரு போன் வைத்திருக்கிறாள். இதுவும் அதில் சேருமா?

சேராது. காதல் குற்றமும் இல்லை, நோயும் இல்லை. எங்கள் அனுபவத்தில், ‘நடத்தை சரியில்லை’ என்று அழைத்து வரப்படும் பெண்களில் கணிசமானவர்களுக்கு இருப்பது காதல் விவகாரமும் கண்டிப்பான அப்பாவும்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த ஆண் அவளைவிட ஐந்து, பத்து வயது மூத்தவனாக இருந்து, பணமோ போனோ கொடுத்து, பொருள் கடத்தவோ திருடவோ சொல்கிறான் என்றால், அங்கே சுரண்டப்படுகிறவள் உங்கள் மகள்.

பிறவிக் குணமா, வளர்த்த விதமா?

இரண்டும். பிரிட்டனில் 7 வயது இரட்டைப் பிள்ளைகளை வைத்து வைடிங் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இரக்கக் குறைவோடு சேர்ந்த முரட்டு நடத்தைக்கு மரபின் பங்கு சுமார் 80 விழுக்காடு, இரக்கக் குறைவு இல்லாத முரட்டு நடத்தைக்கு சுமார் 30 விழுக்காடு என்று வந்தது. இதைக் கேட்டவுடன் “அவங்க பாட்டி வழி” என்று மாமியார் வீட்டைக் கைகாட்டுவார்கள். அவசரப்பட வேண்டாம். தத்துப் பிள்ளைகளை வைத்து 2016இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பெற்ற தாயிடம் சமூகவிரோத நடத்தை கடுமையாக இருந்தபோதும், வளர்த்த தாய் நல்லதைக் கண்டு உடனுக்குடன் பாராட்டிய வீடுகளில் அந்த மரபுச் சாய்வு பிள்ளையிடம் தலையெடுக்கவில்லை.

“அவளுக்கு ஏதோ நடந்திருக்கும்” என்று கவுன்சிலர் சொல்கிறார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பெண்பிள்ளைகள் விஷயத்தில் மற்ற எதையும்விட முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

கல்மனம் இரண்டு வழியில் வரலாம் என்று மனநல மருத்துவர் கார்ப்மன் 1940களிலேயே எழுதினார். ஒரு வகையில் பயமே குறைவு: தண்டனை உறைக்காது, இதயம் படபடக்காது. இன்னொரு வகையில் உள்ளே பதற்றம் கொதிக்கும். அடி, அவமானம், பாலியல் கொடுமை இவற்றைத் தாங்க முடியாமல் உணர்ச்சியை அணைத்து வைத்திருப்பாள். வெளியே இருவரும் ஒரே மாதிரி தெரிவார்கள். இரண்டாவது வகைப் பெண் தூங்கமாட்டாள், திடீர்ச் சத்தத்துக்குத் துள்ளுவாள், கையைக் கீறிக்கொள்வாள், கோபம் கணத்தில் ஏறும். முதல் வகையினரின் தாக்குதல் பெரும்பாலும் நிதானமானது, ஏதோ ஒரு லாபத்துக்கானது.

சிறையிடப்பட்ட வளரிளம் பெண்களை ஆட்ஜர்ஸ் குழுவினர் ஆராய்ந்து 2005இல் எழுதியது இங்கே முக்கியம். சைக்கோபதி அளவுகோலில் உணர்ச்சிக் குறைவு மதிப்பெண்ணுக்கும் வன்முறைக்கும் தொடர்பு இருப்பதுபோல முதலில் தெரிந்தது. அந்தப் பெண்கள் அனுபவித்த கொடுமையைக் கணக்கில் சேர்த்தவுடன் அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. மீண்டும் குற்றத்துக்குத் திரும்புவதை முன்கூட்டிக் காட்டியதும் அளவுகோலின் மதிப்பெண் அல்ல, பட்ட கொடுமைதான். இதைப் படித்த பிறகும் ஒரு பெண்ணிடம் “உனக்கு என்ன நடந்தது” என்று கேட்காமல் மதிப்பெண் மட்டும் போட்டு அனுப்புகிறவர்களை நாங்கள் பொறுப்பானவர்கள் என்று சொல்லமாட்டோம்.

கேட்கும் முறை: தனியாக, வீட்டுக்கு வெளியே, ஒருவர் மட்டும். “யாராவது உன்னைப் பயமுறுத்துகிறார்களா, உனக்குப் பிடிக்காத மாதிரி தொட்டார்களா” என்று நேராகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் விடுங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். அவள் சொன்னால் “ஏன் அப்பவே சொல்லல” என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. டாக்டருக்கும் கவுன்சிலருக்கும் இது பொருந்தும். ஆகவே ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்ற பொய் வாக்கை அவளுக்குக் கொடுக்காதீர்கள்.

பெங்களூரில் எங்கே போவது? என்னென்ன கொண்டுபோவது?

ஓசூர் சாலையில் உள்ள நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத் துறை தனியாக இருக்கிறது. முதல் நாளே முடிவு கிடைக்காது. பல வருகைகள் ஆகும், அரைநாள் சம்பளத்தை அதற்கேற்ப ஒதுக்குங்கள். போகுமுன் பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ் கேட்கலாம். பெண் ஆபத்தில் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. ஸ்ரீராமபுரத்திலும் லிங்கராஜபுரத்திலும் பல வீடுகளில் அம்மாவுக்குக் கன்னடம் பேச வரும், ஆனால் மனதில் உள்ளதைச் சொல்ல வராது. தமிழ் தெரிந்தவர் வேண்டுமென்று பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். கேட்பதிலும் சொல்வதிலும் தனக்கு வேண்டியதை மட்டும் கடத்துவாள்.

ஒரு தாளில் வயது வாரியாகக் குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள்: பிரசவம், வலிப்பு, தலையில் அடி, பேச்சு வந்த வயது, பள்ளி மாறிய வருடங்கள், முதல் திருட்டு, முதல் அடிதடி, வீட்டை விட்டுப் போன இரவுகள். பழைய ராங்க் கார்டு, பள்ளி கொடுத்த எச்சரிக்கைக் கடிதம், மிரட்டல் மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட், சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர் எல்லாம் வேண்டும். ரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ இந்தக் குணத்தைக் காட்டாது. அப்படிக் காட்டும் என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆய்வில் பயன்படும் கருவிகளில் ஒன்று, சைக்கோபதி குணத்தை அளக்கும் ஹேர் பட்டியலின் இளையோர் வடிவம்: 12 முதல் 18 வயது வரை, 20 கூறுகள், மொத்தம் 40 மதிப்பெண். நேர்காணலும் பள்ளி, போலீஸ் ஆவணங்களும் இரண்டும் இல்லாமல் அதைப் போட முடியாது. இணையத்தில் 10 நிமிடத்தில் நிரப்பும் ‘சைக்கோபாத் டெஸ்ட்’களுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அடித்துப் பார்த்தோம், போனைப் பிடுங்கினோம், சோறு போடாமல் இருந்தோம். ஏன் எதுவும் உறைக்கவில்லை?

இந்தக் குணமுள்ள பிள்ளைகளுக்குத் தண்டனையிலிருந்து பாடம் கற்பது பலவீனம். வெகுமதியிலிருந்து கற்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஹாவ்ஸ், டாட்ஸ் இருவரும் 2005இல் சிறு பையன்களிடம் பார்த்தது இதுதான்: தனியே உட்காரவைக்கும் தண்டனை இரக்கக் குறைவுள்ளவர்களிடம் சரியாக வேலை செய்யவில்லை, பாராட்டும் பரிசும் மற்றப் பிள்ளைகளிடம் போலவே வேலை செய்தன. கொடுமையால் மரத்துப்போன பெண்ணுக்கோ, அடி என்பது அவள் ஏற்கெனவே நம்புவதை உறுதிப்படுத்துவது.

அதனால் செய்ய வேண்டியது இது. மூன்றே விதிகள். கண்ணால் சரிபார்க்கக் கூடியவையாக இருக்கட்டும்: ‘ஒழுங்காக இரு’ என்பது விதி ஆகாது, ‘இரவு 7.30க்கு வீட்டில் இரு’ என்பது விதி. ஒவ்வொன்றுக்கும் அன்றன்றைக்கே புள்ளி, அன்று இரவே பலன்: ஒரு மணி நேர மொபைல் டேட்டா, சனிக்கிழமை தோழி வீடு, அவள் கேட்ட சமையல். பலனை அவளோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அவளுக்கு வேண்டாத பரிசு வேலை செய்யாது. மீறினால் இழப்பு சில மணி நேரம் அல்லது ஒருநாள். ஒரு மாதத்துக்குப் போனைப் பிடுங்கினால் மீதி 29 நாள் அவளுக்கு இழக்க ஒன்றும் இருக்காது. விதியை ஒரே வரியில், தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். கேள்வி விசாரணை, ஒப்பாரி, “நான் பட்ட பாடு” எதுவும் வேண்டாம். தினமும் 15 நிமிடம் அவளோடு, அவள் தேர்ந்தெடுக்கும் எதையாவது செய்யுங்கள். அந்த நேரத்தில் புத்திமதி கிடையாது.

எங்கே கெட்டுப்போகிறது? முதல் ஒன்றிரண்டு வாரம் நடத்தை இன்னும் மோசமாகும், ஏனென்றால் பழைய வழி இனியும் பலிக்குமா என்று சோதிப்பாள். பெரும்பாலான வீடுகள் அங்கேதான் கைவிடுகின்றன. அப்பா இரவு ஷிப்டிலிருந்து வந்து தனித் தீர்ப்பு வழங்குவது அடுத்த ஓட்டை. பாட்டி முந்தானையில் முடிந்த 100 ரூபாய் அதைவிடப் பெரிய ஓட்டை. சம்பாதித்த புள்ளியைக் கோபத்தில் பிடுங்கினால் அவள் ஆட்டத்தையே விட்டுவிடுவாள். நான்கு வாரம் நன்றாக இருந்தது என்று அட்டவணையைக் கிழித்துப் போடுவதும் தவறு. புள்ளியை மெதுவாக அரிதாக்க வேண்டும்.

குற்றம் வெளியேயும் நடக்கிறது என்றால் இது மட்டும் போதாது. குடும்பத்தோடும் பள்ளியோடும் வீட்டுக்கே வந்து மூன்று முதல் ஐந்து மாதம் வேலை செய்யும் பன்முகக் குடும்பச் சிகிச்சைகள் வெளிநாடுகளில் நிரூபணம் ஆனவை. பெயரைத் தேடி அலையாதீர்கள். பெற்றோருக்குப் பயிற்சி தருவீர்களா, பள்ளியோடு பேசுவீர்களா, அதிர்ச்சி அனுபவத்துக்குத் தனிச் சிகிச்சை உண்டா என்று கேளுங்கள். இதே பிரச்சினை உள்ள பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைக்கும் குழுக் கூட்டங்களில் எச்சரிக்கை தேவை. ஒருவர் வித்தையை மற்றவர் கற்றுக்கொண்டு மோசமாவது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. சிறையைக் காட்டிப் பயமுறுத்தும் திட்டங்கள் குற்றத்தைக் கூட்டவே செய்தன.

மாத்திரை உண்டா?

இரக்கத்தை வரவைக்கும் மாத்திரை இல்லை. கூடவே இருக்கும் கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு, மனச்சோர்வு, வலிப்பு இவற்றுக்கு உண்டு. அவற்றைச் சரிசெய்தாலே பாதி சண்டை அடங்குவதும் உண்டு. கட்டுக்கடங்காத வன்முறைக்குக் குறுகிய காலம் ரிஸ்பெரிடோன் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். எடை ஏறும், மாதவிடாய் தள்ளிப்போகலாம், மார்பில் பால் கசியலாம். கர்ப்பமோ என்று வீடே பதறும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். வால்ப்ரோயேட் எழுதினால் ‘இது வயதுக்கு வந்த பெண்ணுக்குத் தேவையா’ என்று கேட்டே ஆகவேண்டும். கருவைப் பாதிக்கும் மருந்து அது.

ஊருக்கு அனுப்பிவிடலாமா? கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகுமா?

கிருஷ்ணகிரியிலோ திருவண்ணாமலையிலோ இருக்கும் பாட்டி வீட்டுக்கு அனுப்பினால், கண்காணிப்பு குறைந்து படிப்பும் நிற்கும். 18க்கு முன் கல்யாணம் குற்றம்: ஈராண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கர்நாடகத்தின் 2016ஆம் ஆண்டு திருத்தப்படி அந்தக் கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது.

கடையில் திருடியதாகப் போலீஸ் பிடித்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 18 வயது வரை பொருந்தும். அவளை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது, வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அதில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். பணியாளர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஸ்டேஷனில் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்று கேளுங்கள். கன்னடத்தில் எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இலவச வக்கீலுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. வயதுக்கான சான்று, பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ, அன்றே கையில் இருக்கட்டும்.

முதல்முறை செய்த சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. அதனால் அது சிறு குற்றம், பொதுவாக எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை, ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் பதிவார்கள். சிறு குற்ற விசாரணை நான்கு மாதத்தில் முடிய வேண்டும், கூடுதலாக இரண்டு மாதம் நீட்டலாம், அதற்குள்ளும் முடியாவிட்டால் வழக்கே முடிந்துவிடும்.

ஜாமீன்தான் விதி. ஆனால் ‘தார்மிக, உடல், மன ஆபத்து’ என்ற காரணத்தைக் காட்டி மறுக்கலாம். பெண்பிள்ளைகள் வழக்கில் இந்த வாசகம் எளிதாகக் கைக்கு வரும்: வெளியே விட்டால் கெட்டுப்போவாள் என்று சொல்லிக் கூர்நோக்கு இல்லத்தில் வைத்துவிடுவார்கள். முதல் நாளே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: பகலில் வீட்டில் யார் இருப்பார், எந்தப் பள்ளி, எந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை, அடுத்த தேதி என்ன. நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்தில் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும்; அவர் வீட்டுக்கு வரும்போது மகளைத் திட்டித் தீர்க்காதீர்கள், அதுவும் அறிக்கையில் ஏறும்.

அவளுக்கு 17 வயது, பெரிய குற்றம். பெரியவர்கள் கோர்ட்டுக்கு மாற்றுவார்களா?

16 நிறைந்து, குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றமாக இருந்தால் மட்டும் முதற்கட்ட மதிப்பீடு நடக்கும். குற்றம் செய்யும் உடல், மனத் திறன், விளைவைப் புரிந்துகொள்ளும் ஆற்றல், சூழ்நிலை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். குழுமத்தில் குழந்தை உளவியலிலோ மனநல மருத்துவத்திலோ தேர்ந்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அறிக்கையில் ‘சைக்கோபதி குணம்’ என்ற வார்த்தை வந்தால் வக்கீல் எதிர்க்க வேண்டும். குணம் வேறு, திறன் வேறு.

ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னால்?

2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி இரண்டு நிபுணர்கள், ஒருவர் கட்டாயம் மனநல மருத்துவர், தனித்தனியே பார்த்திருக்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக் கூடாது. பொறுப்பாளர் அப்பா என்றால், பெண் துணை ஒருவர் முழு நேரமும் கூட இருக்க வேண்டும். சித்தியையோ அத்தையையோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கத்தி, தூக்க மாத்திரை, பூச்சிமருந்து இவற்றை வீட்டில் பூட்டி வைப்பதை ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை தள்ளிப்போட வேண்டாம். தம்பி தங்கையை அவள் பொறுப்பில் விட்டுப் போவதையும் இன்றே நிறுத்துங்கள்.

பெரியவளானால் மாறுவாளா?

பிட்ஸ்பர்க் நகரில் பையன்களை 13 வயதிலும் 24 வயதிலும் அளந்தபோது இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையிலான ஒட்டுறவு சுமார் 0.3 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). அதாவது தொடர்பு இருக்கிறது, ஆனால் அது தலைவிதி இல்லை. பெண்களைப் பற்றிய நீண்டகால ஆய்வுகள் இன்னும் குறைவு. அமெரிக்காவின் ஓரிகனில், பலமுறை கைதான பெண்களைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் வைத்துப் பார்த்தபோது, குழு விடுதிகளில் இருந்தவர்களைவிட அவர்கள் பூட்டிய இடங்களில் கழித்த நாட்கள் குறைந்தன.

பள்ளியில் டி.சி. வாங்கச் சொல்கிறார்கள். அவள் வீடியோவும் ஏரியா குழுவில் சுற்றுகிறது.

எட்டாம் வகுப்பு முடியும் வரை கல்வி உரிமைச் சட்டப்படி வெளியேற்ற முடியாது. அதற்கு மேல் என்றால் எழுத்தில் காரணம் கேளுங்கள், ஆண்டுத் தேர்வு வரை அவகாசம் கேளுங்கள், சிகிச்சை நடக்கிறது என்ற கடிதத்தை டாக்டரிடம் வாங்கி இணையுங்கள். வழக்கில் உள்ள குழந்தையின் பெயர், முகம், பள்ளி, முகவரி எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீடியோவை அழிக்கச் சொல்வதற்கு முன் யார் அனுப்பியது, எத்தனை மணிக்கு என்பது தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.